கைபேசியில் டென்னிஸ்: கோர்ட்டைப் புரிந்துகொண்டு ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

டென்னிஸ் ஆட்டம் ஒன்றைக் கைபேசியில் இறக்கியதும் புதியவர்கள் முதலில் செய்வது, விரலை முடிந்தவரை வேகமாக இழுத்துப் பந்தை ஓங்கி அடிப்பதுதான். தொடக்கத்தில் வரும் எளிய எதிராளிகளிடம் அது செல்லும். கொஞ்சம் தேறிய ஆள் எதிரே வந்த நாளிலிருந்து தோல்வி தொடரும். அப்போது விரல் வேகம் போதவில்லை என்றோ, காசு கொடுத்து நல்ல ராக்கெட் வாங்க வேண்டும் என்றோ தோன்றும். உண்மையில் குறைவது கோர்ட்டைப் பற்றிய அறிவு. பந்தை எங்கே அடித்தால் பாதுகாப்பு, அடித்த பிறகு எங்கே நிற்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தவர் மெதுவாக அடித்தே ஜெயிப்பார். அதனால் இந்த வழிகாட்டியில் அடிக்கும் முறைக்கு முன்பாகவே அளவுகளும் புள்ளிக் கணக்கும் வருகின்றன. வரிசை மாற்றாமல் படியுங்கள்.

1. ஆடத் தொடங்கும் முன் சரிசெய்ய வேண்டியவை

முதலில் இணைய இணைப்பு. வேகத்தைவிடத் தாமதம்தான் இங்கே முக்கியம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.2 நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். உங்கள் இணைப்பில் அவ்வளவு தாமதம் இருந்தால், திரையில் நீங்கள் பார்க்கும் பந்து ஏற்கெனவே வேறிடத்தில் இருக்கிறது. வைஃபை ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பு இறக்கிக்கொண்டிருந்தால் அது முடியட்டும். ஓடும் பேருந்தில் ஆடுவதைத் தவிர்க்கலாம். டவர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பாயிண்ட் போகக்கூடும்.

அடுத்து பேட்டரி சேமிப்பு முறையை அணையுங்கள். அது பல கைபேசிகளில் திரை புதுப்பிக்கப்படும் வேகத்தைக் குறைத்துவிடும். பந்து சீராக வராமல் விட்டுவிட்டு நகர்வதுபோலத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். அறிவிப்புகளையும் நிறுத்திவையுங்கள். திரையின் மேல்விளிம்பில் வந்து விழும் ஒரு செய்தி, சரியாக எதிராளியின் பேஸ்லைனை, அதாவது கோர்ட்டின் பின் எல்லைக்கோட்டை, மறைக்கும்.

புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். எதிராளி அடிக்கும் ஒலியை வைத்தே பலர் தங்களை அறியாமல் நேரம் கணிக்கிறார்கள். புளூடூத்தில் அந்த ஒலி சற்றுப் பிந்தி வருவதால் கையும் பிந்தும். கம்பி ஹெட்போனிலோ கைபேசியின் ஸ்பீக்கரிலோ அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, ஆப் ஸ்டோரில் பணம் செலுத்தும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி மாற்றுங்கள். இந்த ஆட்டங்களை இலவசமாக இறக்கலாம், உள்ளே பொருள் விற்பார்கள். குழந்தைகள் கையில் அந்தக் கைபேசி போகுமானால் இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. உங்கள் ஆட்டம் எந்த வகை என்று கண்டறியுங்கள்

இணைய டென்னிஸ் ஆட்டங்களைக் கட்டுப்பாட்டு முறையை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். உங்களுடையது எது என்று தெரியாமல் வேறொருவர் சொன்ன உத்தியைப் பின்பற்றினால் குழப்பமே மிஞ்சும்.

முதல் வகையில் விரலை இழுக்கும் திசையில் பந்து போகும். டென்னிஸ் கிளாஷ் இந்த வகை. திரையைத் தொட்டால் ஆட்டக்காரர் அந்த இடத்துக்கு நகர்வார், இழுத்தால் அடிப்பார்.

இரண்டாம் வகையில் அடிக்கும் நேரம்தான் திசையைத் தீர்மானிக்கும். பிரவுசரில் ஒரே பொத்தானில் ஆடும் எளிய ஆட்டங்கள் பல இப்படித்தான். முன்கூட்டி அடித்தால் பந்து உடலுக்குக் குறுக்கே போகும். பிந்தி அடித்தால் அடித்த பக்கமாகவே போகும். நிஜ டென்னிஸிலும் இதே விதி உண்டு: வலக்கை ஆட்டக்காரர் ஃபோர்ஹேண்டில் (ராக்கெட் பிடித்த கைப் பக்கத்து அடியில்) பந்தை உடலுக்கு முன்னால் சீக்கிரமே சந்தித்தால் அது இடப்பக்கம் இழுபடும்; பிந்தினால் வலப்பக்கம் போகும்.

மூன்றாம் வகை விசைப்பலகை ஆட்டம். அம்புக்குறிகளால் ஓடி, வேறு விசைகளால் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடுவது), ஸ்லைஸ் (பின்னோக்கிச் சுழலவிடுவது), லாப் (எதிராளியின் தலைக்கு மேல் உயர்த்தி அடிப்பது) என்று தேர்ந்தெடுப்பது. இதில் அடிக்கும் கணத்தில் எந்த அம்புக்குறி அழுத்தப்பட்டிருக்கிறதோ அதுவே பெரும்பாலும் பந்தின் திசை. ஓடுவதற்காக அழுத்திய விசையை விடாமலே அடித்துவிட்டு, பந்து ஏன் அவுட் போனது என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான்.

வகை தெரிந்ததும் பயிற்சிப் பகுதிக்குப் போய், பந்து இரண்டு மூலைகளுக்கும் நடுவுக்கும் நீங்கள் நினைத்தபடி போகும்வரை மட்டும் பழகுங்கள். ஜெயிப்பதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

3. கோர்ட்டின் அளவுகள்

கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 8.23 மீட்டர், இரட்டையருக்கு 10.97 மீட்டர். இரண்டு பக்கமும் 1.37 மீட்டர் அகலத்தில் தெரியும் பட்டைகள் இரட்டையருக்கு மட்டுமே உரியவை. ஒற்றையர் மேட்சில் பந்து அந்தப் பட்டையில் விழுந்தால் அவுட். திரையில் வெளிக்கோடுதான் கண்ணைக் கவரும் என்பதால் தொடக்கத்தில் பலர் அதைக் குறிவைத்தே பாயிண்டை இழக்கிறார்கள்.

நெட்டின் உயரம் நடுவில் 91.4 சென்டிமீட்டர். இரு ஓரங்களிலும் கம்பத்தில் 1.07 மீட்டர். அதாவது நடுவழியே போகும் பந்துக்கு 15 சென்டிமீட்டர் சலுகை கிடைக்கிறது. நெட்டிலிருந்து 6.40 மீட்டரில் சர்வீஸ் கோடு. அதை நடுக்கோடு இரண்டாகப் பிரிப்பதால் இரண்டு சர்வீஸ் பெட்டிகள். சர்வீஸ் கோடும் நடுக்கோடும் சந்திக்கும் இடத்தை ‘டி’ என்பார்கள்.

ஒரு கணக்கை மட்டும் மனத்தில் நிறுத்துங்கள். ஓரமாக நேர்கோட்டில் அடித்தால் பந்துக்குக் கிடைக்கும் நீளம் 23.77 மீட்டர். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக அடித்தால் 25.15 மீட்டர். கிட்டத்தட்ட 1.4 மீட்டர் கூடுதல் இடம், அதோடு நெட்டின் தாழ்ந்த பகுதி. எட்டாம் படியில் இதுதான் அடிப்படை.

திரையில் இன்னொரு சிக்கல் உண்டு. கேமரா உங்கள் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் எதிர்ப்பக்கத்துக் கோர்ட் நீளவாக்கில் சுருங்கித் தெரியும். அங்கே ஒரு மீட்டர் என்பது திரையில் மிகச் சிறிய இடைவெளி. ஆகவே பக்கவாட்டில் நீங்கள் துல்லியமாகக் குறிவைக்கலாம். நீளத்தில் அந்த நம்பிக்கை கூடாது. பேஸ்லைனுக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே குறிவைத்துப் பழகுங்கள்.

4. புள்ளிக் கணக்கு

பூஜ்யத்துக்கு லவ் என்று பெயர். அதன்பின் 15, 30, 40. நாலாவது பாயிண்டில் கேம். சர்வ் (பாயிண்டைத் தொடங்கிவைக்கும் அடி) போடுபவரின் எண்தான் முதலில் சொல்லப்படும். 15-40 என்றால் சர்வ் போடுபவர் பின்தங்கியிருக்கிறார். 40-40 வந்தால் டியூஸ். அங்கிருந்து ஒரு பாயிண்ட் எடுத்தால் அட்வான்டேஜ், தொடர்ந்து அடுத்ததையும் எடுத்தால்தான் கேம். எடுக்கத் தவறினால் மீண்டும் டியூஸ். நேரம் மிச்சப்படுத்த, டியூஸில் ஒரே பாயிண்டில் கேமை முடித்துவிடும் ஆட்டங்களும் உண்டு. அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு கேம் எடுத்து, இரண்டு கேம் முன்னிலையும் இருந்தால் செட். 5-5 ஆனால் 7-5 வரை போகும். 6-6 ஆனால் டை-பிரேக்: முதலில் ஏழு பாயிண்ட் எடுப்பவர், இரண்டு பாயிண்ட் முன்னிலையோடு. நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் 2022 முதல் கடைசி செட்டின் டை-பிரேக் மட்டும் பத்துப் பாயிண்ட்.

பொழுதுபோக்கு இணைய ஆட்டங்களில் பெரும்பாலும் முழுச் செட் கிடையாது. டை-பிரேக் ஒன்றே ஒரு மேட்ச். எனவே அதன் சர்வ் வரிசையை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் பாயிண்டை ஒருவர் வலப்பக்கத்திலிருந்து போடுவார். பிறகு மாறி மாறி ஒவ்வொருவரும் இரண்டு சர்வ். இரண்டில் முதலாவது இடப்பக்கத்திலிருந்து. ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறும். பக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: இதுவரை ஆடிய மொத்தப் பாயிண்ட் இரட்டைப்படை என்றால் சர்வ் வலப்பக்கத்திலிருந்து, ஒற்றைப்படை என்றால் இடப்பக்கத்திலிருந்து. சாதாரணக் கேமுக்கும் இதே கணக்கு.

இதனால் ஆட்டத்தில் என்ன பயன் என்றால், துணிச்சலான ஷாட்டுக்கு நேரம் எது என்று தெரிகிறது. 40-0இல் கோட்டை ஒட்டி அடித்துப் பார்க்கலாம். 30-40இல் அதே ஷாட் தவறினால் கேமே போய்விடும். ஏழு பாயிண்ட் மேட்சிலோ தானாக விட்டுக்கொடுக்கும் இரண்டு பாயிண்ட் ஏறக்குறைய மேட்சின் விலை.

5. பாயிண்ட் எப்படிக் கைநழுவுகிறது

பந்து உங்கள் பக்கம் இரண்டு முறை தரையில் பட்டால், நீங்கள் அடித்த பந்து நெட்டில் நின்றால், எல்லைக்கு வெளியே விழுந்தால் பாயிண்ட் எதிராளிக்கு. கோட்டில் ஓரம் பட்டாலும் அது உள்ளே விழுந்த பந்துதான். ரேலியின் (சர்வுக்குப் பிறகு இருவரும் மாறி மாறி அடிப்பது) நடுவே பந்து நெட்டை உரசிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழுந்தால் ஆட்டம் தொடரும். புதியவர்கள் பலர் இங்கே விரலை நிறுத்திவிட்டு நிற்பார்கள். சர்வில் மட்டும் நெட்டை உரசிச் சரியான பெட்டியில் விழுந்தால் அது லெட், அந்த சர்வை மீண்டும் போட வேண்டும்.

அவுட் போகும் பந்தைத் தொடாமல் விடுங்கள். காற்றில் இருக்கும்போதே அடித்துவிட்டால், அது எங்கே விழுந்திருக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

6. சர்வ்

ஒரு பாயிண்டுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் டபுள் ஃபால்ட், பாயிண்ட் போகும். குறுக்கே இருக்கும் பெட்டியில்தான் பந்து விழ வேண்டும்.

சர்வ் ஏன் கடினம் என்பதைக் கணக்கே சொல்லும். பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்கத்துச் சர்வீஸ் கோடுவரை 18.28 மீட்டர். புவியீர்ப்பு இல்லை என்று வைத்துக்கொண்டு, நெட்டின் நடுவை உரசாமல் தாண்டி அந்தக் கோட்டில் விழும்படி ஒரு நேர்கோடு வரைந்தால், அது பேஸ்லைனில் 2.61 மீட்டர் உயரத்திலிருந்து தொடங்க வேண்டும். புவியீர்ப்பும் டாப்ஸ்பின்னும் பந்தைக் கீழே இழுப்பதால்தான் சாதாரண உயரக்காரரும் சர்வ் போட முடிகிறது. வேகம் கூடக்கூட பந்து கீழிறங்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. நன்றாக உருவாக்கப்பட்ட ஆட்டங்களில் இதே இயற்பியல் இருப்பதால், முழு வேகச் சர்வ் நெட்டிலோ கோட்டுக்கு அப்பாலோ போவது தற்செயல் அல்ல.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு வேகத்தை. ‘டி’யை நோக்கிப் போடும் சர்வ் குறைந்த தூரம் போகிறது, நெட்டின் தாழ்ந்த பகுதியைக் கடக்கிறது. விரைவாகவும் சேரும், பிழையும் குறைவு. ஓரத்துக்குப் போடும் சர்வ் எதிராளியைக் கோர்ட்டுக்கு வெளியே இழுக்கும். அடுத்த பந்தை மறுபக்கம் அடிக்கக் காலியிடம் கிடைக்கும். உடலைக் குறிவைப்பது மூன்றாவது வழி. எதிராளிக்குக் கை நீட்ட இடம் இருக்காது.

எதிராளி வலக்கைக்காரர் என்றால் பேக்ஹேண்டுக்கு (ராக்கெட் பிடித்த கைக்கு மறுபக்கத்துக்கு) போடும் இடம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். நீங்கள் வலப்பக்கத்திலிருந்து போடும்போது ‘டி’யும், இடப்பக்கத்திலிருந்து போடும்போது ஓரமும் அவருடைய பேக்ஹேண்ட். இடக்கைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். மேட்ச் தொடங்கும் திரையிலேயே எதிராளி ராக்கெட்டை எந்தக் கையில் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். பேக்ஹேண்ட் பலவீனமாக அமைந்த ஆட்டக்காரர்கள் நிறைய உண்டு.

வேகமானி ஒன்று ஏறி இறங்கும் ஆட்டங்களில், உச்சத்துக்குக் காத்திருந்து அதைத் தாண்டவிடுவதுதான் வழக்கமான பிழை. முதல் சர்வ் தவறினால் இரண்டாவதில் உச்சத்துக்குச் சற்று முன்பே விடுங்கள். பெட்டியின் நடுவைக் குறிவையுங்கள். மெதுவாகப் போன இரண்டாம் சர்வை எதிராளி நன்றாக அடித்தாலும் ரேலியில் உங்களுக்கு வாய்ப்பு உண்டு. டபுள் ஃபால்ட்டில் எந்த வாய்ப்பும் இல்லை.

7. சர்வைத் திருப்பி அனுப்புவது

இங்கே ஒரே இலக்கு: நடுவில், ஆழமாக. நடுவிலிருந்து அடிப்பவருக்குக் கூர்மையான கோணம் கிடைக்காது, ஆழமாக விழுந்த பந்தை முன்னேறி அடிக்கவும் முடியாது. முதல் திருப்பத்திலேயே மூலையைக் குறிவைத்து அவுட் அடிப்பது புதியவர்களின் மிகப் பெரிய செலவு. வேகமான சர்வ் வரும் என்று தெரிந்தால் பேஸ்லைனுக்கு ஒரு மீட்டர் பின்னால் நில்லுங்கள். இரண்டாம் சர்வுக்குக் கோட்டின் மேலோ சற்று உள்ளேயோ வாருங்கள். சர்வ் தரையில் படும்முன் அடிக்கக் கூடாது.

8. ரேலி: குறுக்கே அடிப்பது முதல் பழக்கம்

சந்தேகம் வந்தால் குறுக்கே அடியுங்கள். காரணம் மூன்றாம் படியில் சொன்ன 1.4 மீட்டரும் தாழ்ந்த நெட்டும். நேர்கோட்டு ஷாட் அழகானது, பார்த்தவுடன் பாயிண்ட் எடுத்துத் தருவது. ஆனால் அதற்கு இடம் குறைவு, நெட்டும் அங்கே உயரம். எதிராளி ஒரு பக்கமாக இழுக்கப்பட்டிருக்கும்போது, நீங்கள் ஓடாமல் நின்று அடிக்கும்போது மட்டும் நேர்கோட்டை முயலுங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

வரும் பந்தின் திசையை மாற்றுவதும் ஒரு பிழைக் காரணி. குறுக்கே வந்த பந்தைக் குறுக்கே திருப்பினால் அது வந்த வழியே போகிறது. நேர்கோட்டுக்குத் திருப்பினால் கோணம் மாறுகிறது. நேரத்தில் சிறிது பிசகினாலும் ஓரம் தாண்டிவிடும். இரண்டாம் வகை ஆட்டங்களில் இது இன்னும் கறாராக இருக்கும்.

டாப்ஸ்பின் போட்டால் பந்து உயரமாக நெட்டைக் கடந்து, பிறகு வளைந்து உள்ளே விழும். பாதுகாப்பான அன்றாட ஷாட் அதுதான். ஸ்லைஸ் மெதுவாகப் போய்த் தாழ எழும்பும். நீங்கள் கோர்ட்டுக்கு வெளியே ஓடிப்போய் அடிக்க நேர்ந்தால் ஸ்லைஸ் அடியுங்கள். அது காற்றில் மிதக்கும் நேரத்தில் திரும்பி வந்துவிடலாம். அந்த நிலையில் ஓங்கி அடித்தால் பந்து உங்களைவிட வேகமாகத் திரும்பி வரும்.

விரல் வேகமே பந்தின் வேகம் என்று அமைந்த ஆட்டங்களில் முக்கால் வேகத்தை வழக்கமாக வையுங்கள். உடல்தெம்பு கணக்கிடப்படும் ஆட்டங்களில் எதிராளியைப் பக்கத்துக்குப் பக்கம் ஓடவிடுவதே நீண்டகால ஆயுதம். தெம்பு குறைந்தவரின் ஷாட் தானாகவே துல்லியம் இழக்கும்.

9. அடித்த பிறகு எங்கே நிற்பது

இந்த ஒரு படிக்காகவே மற்றவற்றை எழுதலாம்; அவ்வளவு பாயிண்ட் இங்கே இருக்கிறது.

அடித்ததும் கோர்ட்டின் நடுவுக்குத் திரும்ப வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி சரி. நிற்க வேண்டிய இடம் கோர்ட்டின் நடுப்புள்ளி அன்று. எதிராளி அடிக்கக்கூடிய இரண்டு எல்லைக் கோணங்களுக்கு நடு.

எதிராளி தன் பேஸ்லைனில், உங்கள் பார்வைக்கு இடது மூலையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் அடித்தால் பந்து உங்கள் இடது ஓரத்துக்கு வரும். குறுக்கே கூர்மையாக அடித்தால் உங்கள் வலது ஓரக்கோட்டில், சர்வீஸ் கோட்டளவில் விழுந்து இன்னும் வெளியே போகும். பேஸ்லைனை எட்டும்போது அது நடுவிலிருந்து ஆறரை மீட்டர் தள்ளியிருக்கும். நேர்கோட்டுப் பந்தோ நடுவிலிருந்து நாலு மீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் மத்தி நடுக்குறியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் வலப்பக்கம் வருகிறது. அங்கே நில்லுங்கள்.

இதிலிருந்து கிடைக்கும் விதி: பேஸ்லைனில் ஆடும்போது எதிராளி நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று நகர்ந்து நிற்க வேண்டும். நீங்கள் வலது மூலையிலிருந்து குறுக்கே அடித்திருந்தால் அந்த இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் நகர்ந்தால் போதும். அதே மூலையிலிருந்து நேர்கோட்டில் அடித்திருந்தால் எதிராளி வலது மூலையில் நிற்பார். நீங்கள் நடுவையும் தாண்டி இடப்பக்கம் ஓட வேண்டும். நேர்கோட்டு ஷாட்டின் மறைவான விலை இது. நல்ல நேர்கோடு அடித்துவிட்டு அடுத்த குறுக்குப் பந்தில் தோற்பவர்கள், எதிராளியின் ஷாட்டை அதிர்ஷ்டம் என்பார்கள். காலியிடத்தைத் திறந்துவிட்டது அவர்களே.

தொட்டு நகர்த்தும் ஆட்டங்களில் அடித்த கணமே அந்த இடத்தைத் தொடுங்கள். பந்து போய் விழும்வரை வேடிக்கை பார்ப்பது புதியவர்களிடம் தவறாமல் காணப்படும் பழக்கம். ஆனால் எதிராளி அடிக்கும் நொடியில் ஓடிக்கொண்டிருக்கவும் கூடாது. இடத்துக்கு வந்து சேராவிட்டாலும் நின்றுவிடுங்கள். ஓட்டத்தின் எதிர்த்திசைக்கு வரும் பந்தை எந்த ஆட்டக்காரராலும் எளிதில் எடுக்க முடியாது.

10. நெட்டுக்குப் போவது

எதிராளியின் பந்து சர்வீஸ் பெட்டிக்குள் குட்டையாக விழுந்தால் மட்டுமே முன்னேறுங்கள். போகும்போது அடிக்கும் பந்து நேர்கோட்டில், ஆழமாக இருக்கட்டும். மேலே சொன்ன விதி நெட்டருகே தலைகீழாக மாறும் என்பதே காரணம். அதே இடது மூலை எதிராளியின் இரண்டு எல்லைக் கோணங்களும் நெட்டைக் கடக்கும் இடத்தில் அளந்தால், மத்தி நடுவிலிருந்து சுமார் 1.4 மீட்டர் இடப்பக்கம், அதாவது பந்து இருக்கும் பக்கமே. நேர்கோட்டில் அடித்துவிட்டு முன்னால் ஓடினால் அந்த இடத்துக்கு நேராகப் போய்ச் சேரலாம். குறுக்கே அடித்தால் நெட்டின் குறுக்கே ஓட வேண்டியிருக்கும்.

நெட்டுக்கு இரண்டு, மூன்று மீட்டர் தொலைவில் நில்லுங்கள். சர்வீஸ் கோட்டுக்கும் பேஸ்லைனுக்கும் இடையே நிற்பது மட்டும் கூடவே கூடாது. அங்கே பந்து காலடியில் விழும். வாலியும் (பந்து தரையில் படும்முன் அடிப்பது) அடிக்க முடியாது, எழும்பிய பந்தையும் எடுக்க முடியாது.

எதிராளி நெட்டில் இருந்தால் அவருடைய பேக்ஹேண்ட் தோளுக்கு மேல் லாப். அவர் பேஸ்லைனுக்கு வெகு பின்னால் இருந்து, நீங்கள் கோர்ட்டுக்குள் இருந்தால் டிராப் ஷாட், அதாவது நெட்டைத் தாண்டியதும் விழும்படி மெதுவாக அடிப்பது. பேஸ்லைனுக்குப் பின்னாலிருந்து அடிக்கும் டிராப் ஷாட் எதிராளிக்கு நடந்து வரவே நேரம் தரும்.

11. தளம் மாறினால்

களிமண் தளத்தில் பந்து வேகம் இழந்து உயரமாக எழும்பும். பிரெஞ்சு ஓபன் நடப்பது அதில்தான். விம்பிள்டனின் புல்தளத்தில் பந்து தாழ, சறுக்கிக்கொண்டு வரும். ஆஸ்திரேலிய, அமெரிக்க ஓபன்களின் கடினத் தளம் இடைப்பட்டது. தள வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கும் ஆட்டங்களில், புல்லில் சர்வுக்கும் ஸ்லைஸுக்கும் மதிப்பு அதிகம். களிமண்ணில் ஓங்கி அடித்த பந்தும் திரும்பி வரும் என்பதால் டாப்ஸ்பின்னும் பொறுமையும் வேண்டும். நீல நிறத்தில் தெரியும் கடினத் தளத்தில் பழகுங்கள், மற்றவை பிறகு.

12. நாணயமும் மேம்படுத்தலும்

பல ஆட்டங்களில் ஒவ்வொரு மேட்சுக்கும் ஆட்டத்துக்குள்ளேயான நாணயம் நுழைவுக் கட்டணமாகப் போகும். பத்து மேட்சுக்கான கட்டணம் கையில் இல்லாத மேல்நிலைச் சுற்றுக்குப் போகாதீர்கள். சம பலமுள்ளவர்களோடு ஆடும்போதும் தொடர்ந்து நாலைந்து தோல்வி வருவது இயல்பு. கையில் இரண்டு மேட்சுக்கான நாணயம்தான் இருந்தால் பதற்றத்திலேயே ஆடுவீர்கள்.

ராக்கெட், ஷூ, கிரிப் என்று மேம்படுத்தும் வசதி இருந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடாமல், உங்கள் ஆட்டமுறைக்கு ஏற்ற ஒரே தொகுப்பைத் தேர்ந்து அதிலேயே செலுத்துங்கள். பேஸ்லைனில் ரேலி ஆடுபவருக்கு ஓட்டமும் ஃபோர்ஹேண்டும் முதலில். வாலியின் அளவு பிறகு ஏறட்டும்.

நிஜப் பணத்தைப் பந்தயமாக வைக்கச் சொல்லும் எந்த ஆட்டத்தையும் இறக்காதீர்கள். இந்தியாவில் 2025இல் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பந்தயப் பதற்றத்தில் யாரும் புதிய ஷாட்டைக் கற்றதில்லை.

13. தோற்ற மேட்சைப் படிப்பது

மேட்ச் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கும் முன், இழந்த பாயிண்டுகள் எப்படி முடிந்தன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஏழு பாயிண்ட் மேட்சில் அது எளிது.

பந்து நீளமாக அவுட் போனது அதிகம் என்றால், சுருங்கித் தெரியும் கோர்ட் உங்களை ஏமாற்றுகிறது. இழுப்பின் நீளத்தைக் குறையுங்கள். ஓரம் தாண்டியது அதிகம் என்றால் நேர்கோட்டு ஷாட்டை அவசரத்தில் முயல்கிறீர்கள். நெட்டில் விழுந்தது அதிகம் என்றால் பெரும்பாலும் பிந்தி அடிக்கிறீர்கள். நகர்வைச் சீக்கிரம் தொடங்க வேண்டும், இணைப்பின் தாமதத்தையும் ஒருமுறை பாருங்கள். எதிராளியின் பந்து எட்டாமலே போனது அதிகம் என்றால் ஒன்பதாம் படிக்குத் திரும்புங்கள். அடுத்த மேட்சில் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். நாலையும் சேர்த்துத் திருத்தப் போனால் எது பலன் தந்தது என்று தெரியாது.

14. நிஜக் கோர்ட்டில் இறங்க நினைத்தால்

கோணமும் நிற்கும் இடமும் புள்ளிக் கணக்கும் அப்படியே உதவும். கைக்குத்தான் எதுவும் தெரியாது. பெரியவர் ஒருவருக்கு 100 சதுர அங்குலத் தலையும் கம்பி கட்டாமல் 270 முதல் 290 கிராம் வரை எடையும் உள்ள ராக்கெட் தொடக்கத்துக்குச் சரி. கைப்பிடியைப் பிடித்ததும் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மறுகையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் கைப்பிடி சிறியது, விரலின் இருபுறமும் இடம் மிஞ்சினால் பெரியது.

சர்வுக்குக் கான்டினென்டல் பிடி: சுத்தியலைப் பிடிப்பதுபோல, ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்த்திருக்கும். ஃபோர்ஹேண்டுக்குத் தொடக்கத்தில் ஈஸ்டர்ன் பிடி போதும்; ராக்கெட்டின் முகத்தில் உள்ளங்கையை வைத்து, அப்படியே கைப்பிடிவரை வழித்து வந்து பிடித்தால் அது அமைந்துவிடும்.

முதல் நாளே மஞ்சள் பந்தோடு முழுக் கோர்ட்டில் ஆடாதீர்கள். பயிற்சிக்கென்றே மூன்று பந்துகள் உண்டு: சிவப்பு, சாதாரணப் பந்தைவிட சுமார் 75 விழுக்காடு மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சைப் புள்ளி 25. ஆரஞ்சுப் பந்தோடு இருவரும் சர்வீஸ் கோட்டில் நின்று, நெட்டுக்கு மேல் மெதுவாக அனுப்பிக்கொள்ளுங்கள். இடையறாமல் இருபது முறை போய் வந்த பிறகு இரண்டு அடி பின்னால் நகருங்கள். பேஸ்லைன்வரை இப்படியே போய்ச் சேர்ந்ததும் பச்சைப் புள்ளிப் பந்துக்கு மாறி, மறுபடியும் சர்வீஸ் கோட்டிலிருந்து தொடங்குங்கள்.